சரிவில் உருளும் பந்து

ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? போயிருப்பீர்கள். சேலத்தைத் தாண்டி மலை ஏறும்போது வருகிற 20 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது வளைவில் வயிறு கலங்கியது என்பதுவரை ஞாபகம் இருக்கும். ஏரி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், வரும்போது ஒரு பொட்டலம் மிளகு, அரைக்கிலோ காபித்தூள். அவ்வளவுதானே? ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த மலையில் சமதரை என்பது அபூர்வம்.

பந்து விளையாடுகிற பையன்களைக் கேட்டால் தெரியும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் கால்பந்து என்பது பாதி நேரம் ஆட்டம், மீதி நேரம் தேடல். எவன் உதைத்து வெளியே போனதோ அவன்தான் காபிச் செடிகளுக்குள் இறங்கிப் போய் எடுத்து வரவேண்டும். அட்டைப்பூச்சி கடித்தால் அது அவன் பாடு. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சாயங்காலம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் பந்து ஏழு முறை கீழே போனது. ஒரு கோல்கூட விழவில்லை.

மலையில் மைதானமே இல்லையா என்றால், இருக்கிறது. சுவருக்கு உள்ளே இருக்கிறது.

1820களில் சேலத்துக்குக் கலெக்டராக இருந்தவர் எம்.டி.காக்பர்ன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். காபி வந்தது, பின்னாலேயே தோட்ட முதலாளிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் சர்ச் வந்தது, சர்ச்சுக்குப் பின்னால் பள்ளிக்கூடம். 1894ல் சேக்ரட் ஹார்ட். 1917ல் மான்ட்ஃபோர்ட். குளிரும் கட்டுப்பாடும் ஒருங்கே கிடைக்கிற ஊர் என்பதால் எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். சசி தரூர் சின்னப் பையனாக அங்கே படித்தவர்தான். மலையைச் செதுக்கி மைதானம் போடுவது லேசான செலவில்லை. அந்தப் பள்ளிகள் போட்டன. காலையில் புத்தகம், சாயங்காலம் பந்து. இரண்டும் சேர்ந்ததுதான் கல்வி என்பது அவர்கள் கொள்கை.

சுவருக்கு வெளியே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளி. பழங்குடிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாக அவர்களுடைய கதை. காபிக்காரர்கள் வருவதற்கு ரொம்ப காலம் முன்னாலிருந்தே அங்கே இருப்பவர்கள். மைதானம் மட்டும் அவர்களுக்கு இல்லை.

பந்தையும் புத்தகத்தையும் முடிச்சுப் போட்டால் பிள்ளைகள் தேறுவார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் யார்? அதைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தவர்கள் யார்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் ஊர் சுற்ற வேண்டியிருக்கும்.

முதலில் இங்கிலாந்து. கால்பந்துக்கு 1863ல் எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றனவே, அவற்றின் வேர் பணக்காரப் பையன்கள் படித்த விடுதிப் பள்ளிகளில் இருக்கிறது. பந்து ஆடினால் ஒழுக்கம் வரும், ஒழுக்கம் வந்தால் நாடு ஆளலாம் என்று ஒரு கணக்கு. ஆளப்போகிறவர்களுக்கான ஆட்டம். ஏற்காட்டு மைதானங்களுக்கு அது ஒரு வகையில் பெரியப்பா முறை.

இதற்குச் சில வருடங்கள் முன்பே இத்தாலியில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. டூரின் நகரம், 1841. ஆலைகள் முளைத்த காலம். வேலை தேடி வந்த பையன்கள் தெருவில் சுற்றுவார்கள், திருடுவார்கள், ஜெயிலுக்குப் போவார்கள். ஜான் போஸ்கோ என்ற இளம் பாதிரியார் இவர்களைப் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். அவருக்குச் சின்ன வயசிலேயே கழைக்கூத்து தெரியும். கயிற்றில் நடப்பார், கையில் வித்தை காட்டுவார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும் ஜெபம். பிறகு எழுத்து, பிறகு தொழில். சாமியாராக ஆன பின்னும் அதே உத்திதான். முதலில் விளையாட விடு, மற்றதெல்லாம் தன்னால் வரும். அவர் ஆரம்பித்த சலேசியன் சபை 1906ல் நம் தஞ்சாவூருக்கு வந்து இறங்கியது. தமிழ்நாட்டில் எந்த டான் போஸ்கோ பள்ளிக்குள் போனாலும் பெரிசாக ஒரு மைதானம் கண்ணில் படும். தற்செயல் இல்லை.

போஸ்கோ ஆசை காட்டினார். காஷ்மீரில் ஒருத்தர் பிரம்பு காட்டினார். அந்தக் கதையைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

டின்டேல் பிஸ்கோ. வெள்ளைக்காரப் பாதிரி, கேம்பிரிட்ஜில் படகு ஓட்டியவர். 1890 கடைசியில் ஸ்ரீநகரின் மிஷன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பள்ளியில் பெரும்பாலும் பண்டிட் வீட்டுப் பையன்கள். நீளமான அங்கி, உள்ளே குளிருக்கு ஒரு கணப்புச் சட்டி, காலில் மரச் செருப்பு. உடம்பு அசைந்தால் கௌரவக் குறைச்சல் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள். 1891ல் பம்பாயிலிருந்து திரும்பும்போது மனுஷன் ஒரு கால்பந்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

இது என்ன சார் என்று கேட்டார்கள். விளையாட என்றார். எதில் செய்தது என்று கேட்டார்கள். தோல் என்றார். முடிந்தது கதை. தோலைத் தொட்டால் தீட்டு. தொட மாட்டோம் என்றுவிட்டார்கள்.

பிஸ்கோ வாத்தியார்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தடியைக் கையில் கொடுத்தார். பையன்களை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் இரண்டு அணியாக நிறுத்தினார். உதை என்றார். ஒருத்தனும் அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் கெடு கொடுத்தார். கெடு முடிந்தது. தடிகள் கிளம்பின. அவ்வளவுதான், மரச் செருப்பும் தலைப்பாகையும் பறக்க ஒரே அமளி. நடுவில் ஒரு பையன் முகத்தில் பந்து பட்டுவிட்டது. ஐயோ தீட்டு என்று எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். பிஸ்கோ பதறவில்லை. வாய்க்காலுக்கு அழைத்துப்போய்க் கழுவிவிட்டுக் கூட்டி வாருங்கள் என்றார். வந்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

பின்னாளில் அதே பள்ளிப் பையன்கள் தீ பிடித்த வீடுகளில் ஏறித் தண்ணீர் ஊற்றினார்கள், ஆற்றில் மூழ்கியவர்களைக் காப்பாற்றினார்கள், காலராக்காரர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். பிஸ்கோவைப் பாராட்டுகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தத் தடி உறுத்துகிறது. சாதியை உடைத்தார் சரி. ஆனால் உடைபடப்போகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளப்பிறந்தவன் அடுத்தவனை மனிதனாக்குகிறேன் என்று கிளம்பினால் இப்படித்தான். அந்தக் காலத்து மிஷன் கால்பந்துக்கே இந்த இரண்டு முகமும் உண்டு.

தடியும் இல்லாமல், ஜெபமும் இல்லாமல் ஒருத்தர் செய்து காட்டியது ஆப்பிரிக்காவில். கென்யா தலைநகர் நைரோபியில் மத்தாரே என்று ஒரு சேரி. ஆப்பிரிக்காவின் பெரிய சேரிகளில் ஒன்று. தகரக் கொட்டகை, சாக்கடை, குப்பை மேடு. பாலிதீன் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டி அதைப் பந்து என்று உதைத்துக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். பாப் மன்ரோ என்ற கனடாக்காரர், சுற்றுச்சூழல் வேலையாக வந்தவர், 1987ல் அவர்களை வைத்து ஒரு சின்ன லீக் ஆரம்பித்தார். மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம்.

நான் பி.காம். படித்தவன். யாராவது நல்ல காரியம் செய்கிறார்கள் என்றால் முதலில் அவர்களுடைய கணக்கு நோட்டைப் பார்க்கத் தோன்றும். மத்தாரேயின் நோட்டு பிரமாதம்.

ஒரு மேட்ச் ஜெயித்தால் 3 புள்ளி. எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் உங்கள் அணி ஒன்றாகச் சேர்ந்து தெருச் சாக்கடையை அள்ளிக் குப்பையை அகற்றினால் 6 புள்ளி. என்ன ஆச்சு பாருங்கள். ஆட்டத்தில் தோற்கிற அணி, மண்வெட்டி பிடித்தே லீக் பட்டியலில் மேலே வந்துவிடலாம். நன்றாக ஆடுகிற அணி, குப்பை அள்ள வரவில்லையென்றால் கீழே போய்விடும். முதலில் சிரித்தவர்கள், பட்டியலைப் பார்த்ததும் மண்வெட்டி தேட ஓடினார்கள்.

அடுத்து படிப்பு. சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் புள்ளி, நடுவராக நின்றால் புள்ளி, தெரு வேலைக்குப் புள்ளி. அதிகம் சேர்த்தவர்களுக்குப் பள்ளிக் கட்டணம். பணத்தைப் பையன் கையில் கொடுக்க மாட்டார்கள். அப்பா கையிலும் கொடுக்க மாட்டார்கள். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். இதை யோசித்த ஆசாமி மனித சுபாவம் தெரிந்தவர். கவனியுங்கள், நட்சத்திர ஆட்டக்காரனாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சுமாராக ஆடுகிறவனுக்கும் பீஸ் கட்டப்படும். 1994ல் இதிலிருந்து மத்தாரே யுனைடெட் என்ற கிளப் பிறந்து, 2008ல் கென்யாவின் பிரீமியர் லீக்கையே ஜெயித்தது என்பது கொசுறு.

இந்தக் காலகட்டத்தில் நம் ஊரில் என்ன நடந்தது? சென்னைக்கு வாருங்கள். வடசென்னை. வியாசர்பாடி.

வியாசர்பாடி என்றதும் உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். சினிமாக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் (என்னையும் சேர்த்துத்தான்) அரிவாளையும் போலீஸ் ஜீப்பையும் காட்டிக் காட்டி அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். ஆனால் கால்பந்து தெரிந்தவர்களிடம் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள். குட்டி பிரேசில்.

இதற்குப் பின்னால் ஒரு ஆலையின் கதை இருக்கிறது. பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி மில். பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு ஆலைகள் சேர்ந்தது. 1918ல் திரு.வி.க.வும் வாடியாவும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியதே இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, புளியந்தோப்பு பற்றி எரிந்தது. அது தனியாக எழுத வேண்டிய கதை. நமக்கு வேண்டியது, மில் என்பது வெறும் சம்பளம் மட்டுமில்லை என்பது. மில் பள்ளிக்கூடம் நடத்தியது. பக்கத்திலேயே ஐ.சி.எஃப். 1955ல் வந்தது. ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலைக்குக் கால்பந்து அணியும் இருந்தது. அணியில் இடம் கிடைத்தால் வேலை. வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறியது. வடசென்னையில் ஒரு அம்மா, பிள்ளை பந்து விளையாடுவதைத் திட்டாமல் விட்டாள் என்றால் அந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும்.

1996ல் பி அண்ட் சி மூடப்பட்டது. அதற்கு முன்பே தள்ளாட்டம்தான். மில் போனால் பையன்கள் எங்கே போவார்கள்? தெருமுனை. தெருமுனையில் யார் நிற்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில்தான், 1990களின் பிற்பகுதியில், அதே பகுதியைச் சேர்ந்த தங்கராஜ், உமாபதி என்ற சகோதரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர், 'ஸ்லம் சில்ட்ரன் ஸ்போர்ட்ஸ் டேலன்ட் அண்ட் எஜுகேஷன் டெவலப்மென்ட் சொசைட்டி'. மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வைக்கிற கலை அவர்களுக்குக் கைவரவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அந்த நீளத்துக்குள் 'எஜுகேஷன்' என்ற வார்த்தை உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், அது அலங்காரத்துக்கு இல்லை. முல்லை நகர் மைதானத்தில் பயிற்சி. காசு கிடையாது. பையன்கள், பிறகு பெண் பிள்ளைகளும். பந்தோடு நிற்காமல் மாலை நேரப் படிப்பு.

டூரினிலும் காஷ்மீரிலும் மத்தாரேயிலும் ஆரம்பித்து வைத்தவர் வெளியிலிருந்து வந்தவர். இங்கே அப்படி இல்லை. எந்தத் தெருவில் பந்து ஓடியதோ அந்தத் தெருவிலேயே பிறந்தவர்கள். இவன் ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்று விசாரிக்க அவர்களுக்கு சர்வே தேவையில்லை. யார் வீட்டில் அப்பா குடிக்கிறார், யார் வீட்டில் சோறு இல்லை என்பது முன்னாலேயே தெரியும். இந்த ஒரு சமாசாரத்தை எந்த வெளிநாட்டு நிதியாலும் வாங்க முடியாது.

வியாசர்பாடிக்காரர் தனபால் கணேஷை நினைவிருக்கிறதா? 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதி, சென்னையின் எஃப்.சி. கோவாவை 3-0 என்று சாத்தியபோது ஒரு கோல் அவருடையது. அந்த வருடம் கோப்பையும் சென்னைக்குத்தான். அந்த ராத்திரி வியாசர்பாடிக்குப் பண்டிகையாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் நிஜமான கணக்கு அதில் இல்லை. நூறு பேர் பந்து ஆடினால் ஒருவர் தனபால் கணேஷ் ஆகலாம். மிச்சம் தொண்ணூற்று ஒன்பது பேர்? இங்கேதான் தமிழ்நாட்டில் ஒரு கதவு இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீடு. பொறியியல் கலந்தாய்வில் மட்டும் 500 இடம். கலைக் கல்லூரிகளில் தனி. அரசு வேலையில் தனி. மாநில அளவில் ஆடிய சான்றிதழ் ஒன்று, வங்கி டெபாசிட் மாதிரி. ஆனால் அந்தச் சான்றிதழோடு பிளஸ் டூ மார்க் ஷீட்டும் வைத்தால்தான் கதவு திறக்கும். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டவன், ரொனால்டோ மாதிரி ஆடினாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. படிப்பையும் பந்தையும் ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடக் கறாரான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒழுக்கம், ஆளுமை எல்லாம் அப்புறம்.

வியாசர்பாடி மாதிரியே இந்தியாவில் வேறு சிலரும் கிளம்பினார்கள். 2001. நாக்பூர். விஜய் பார்சே என்ற கல்லூரி விளையாட்டு ஆசிரியர், மழையில் சேரிப் பையன்கள் உடைந்த வாளி ஒன்றை உதைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். ஒரு பந்தை எடுத்து வந்து கொடுக்கிறார். அதுதான் பிறகு 'ஸ்லம் சாக்கர்' ஆனது. 2016ல் ஃபிஃபாவின் பன்முகத்தன்மை விருது வரைக்கும் போனது. 2022ல் அமிதாப் நடித்து 'ஜுண்ட்' என்று படமாகவும் வந்துவிட்டதால் அதிகம் சொல்லவில்லை.

ஏற்காட்டுக்கு ரொம்பப் பக்கமான கதை ஜார்க்கண்டில் இருக்கிறது. தூரத்தில் இல்லை, தன்மையில். ராஞ்சிக்குப் பக்கத்துக் கிராமங்கள். பழங்குடிப் பெண் பிள்ளைகள். ஆடு மேய்ப்பது, தண்ணீர் தூக்குவது, பதினாறு வயதில் கல்யாணம். ஃபிரான்ஸ் காஸ்ட்லர் என்ற அமெரிக்கர் 2009ல் அங்கே 'யுவா' என்று ஆரம்பித்தார். 2013ல் ஸ்பெயினில் காஸ்தெய்ஸ் கோப்பைக்கு ஒரு பெண்கள் அணி புறப்பட்டது. பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கேட்கப் போன இடத்தில் தரையைப் பெருக்கச் சொன்னார்கள், கன்னத்தில் அறைந்தார்கள் என்று பிள்ளைகள் பிற்பாடு பேட்டிகளில் சொன்னார்கள். அந்த அணி ஸ்பெயினில் மூன்றாவது இடம் பிடித்தது. திரும்பி வந்த பிறகு ரயில் நிலையத்தில் மாலை போட வந்தவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

யுவா அதோடு நிற்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்தும் எழுதப் படிக்கத் தடுமாறுகிறார்களே என்று 2015ல் சொந்தமாகப் பள்ளிக்கூடமே திறந்துவிட்டார்கள். பந்து முதலில் வந்தது, பள்ளி பின்னால் வந்தது. ஏற்காட்டில் பள்ளி முதலில் வந்து மைதானம் பின்னால் வந்தது அல்லவா? அப்படியே தலைகீழ். 2019ல் லாரியஸ் விருது கொடுத்தார்கள்.

சரி, மலைக்குத் திரும்புவோம்.

சேர்வராயன் கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பழங்குடியினருக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. பிரச்னை, காபிப் பழம் பறிக்கிற பருவத்தில் வீட்டில் எல்லாக் கைகளும் தேவைப்படும். குளிர்காலத்தில் விட்ட பாடத்தை வெயில் காலத்தில் பிடிக்க முடியாது. அப்படியே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. சாயங்காலம் பந்துக்கு வரவேண்டுமானால் காலையில் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்று யாராவது ஒருவர், அந்த ஊர்க்காரராகவே ஒருவர், நோட்டு வைத்துக் குறித்துக்கொண்டால் போதும். வியாசர்பாடியில் நடந்தது இதைவிடப் பெரிய வித்தை இல்லை.

மைதானம்? அங்கேதான் எல்லாரும் கையை விரிக்கிறார்கள். முழுக் கால்பந்து மைதானத்துக்குச் சுமார் நூறு மீட்டர் நீளம் வேண்டும். அதை மலையில் எவன் வெட்டுவான்?

வெட்ட வேண்டாம். வீடற்றவர்களுக்கான உலகக் கோப்பை என்று ஒன்று 2003லிருந்து நடக்கிறது. ஆஸ்திரியாவில் கிராஸ் என்கிற ஊரில் தொடங்கியது. நாக்பூர் பையன்களும் போய் ஆடியிருக்கிறார்கள். அதில் அணிக்கு நான்கு பேர். மைதானம் 22 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். ஊர்ச் சதுக்கத்தில் பலகை அடித்து ஆடிவிடலாம்.

இந்த அளவைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. காபித் தோட்டத்தில் ஒரு களம் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? பறித்த பழத்தைக் காயப்போடுகிற இடம். சிமெண்ட் பூசி, மட்டம் பார்த்து, மழைத் தண்ணீர் ஓடக் கொஞ்சம் வாட்டம் கொடுத்துக் கட்டியிருப்பார்கள். பழம் காய்வது பறிப்புப் பருவத்தில் சில மாதங்கள்தான். மற்ற மாதமெல்லாம் சும்மா கிடக்கும். இந்த மலையில் சமதரை என்று இருப்பவற்றில் பள்ளி மைதானங்களைத் தள்ளிவிட்டால் மிச்சம் பெரும்பாலும் இந்தக் களங்கள்தான்.

தெரிந்த தோட்ட மேனேஜர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். காபி கொடுத்து உபசரித்தார். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல ஐடியா சார். ஆனா பசங்க ஓடினா சிமெண்ட் பேந்துடும்."

"அந்தக் களத்துலதான லாரியை ரிவர்ஸ் எடுக்கறீங்க?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன்" என்றார். அவரும் அந்த மலைக்காரர்தான். கீழே போன பந்தைத் தேடிக் காபிச் செடிக்குள் இறங்கியவராகத்தான் இருக்கவேண்டும்.